பொட்டு வைத்த டயர்கள்

சங்ககிரி லாரி முதலாளி செங்கோடப்பன் பேசினால் அடுத்தவர் வாய் திறக்க முடியாது. கல்குவாரி வண்டிகளின், கட்டை கட்டையாகப் புடைத்த தடித்த பட்டன் டயர் அவருக்குக் கம்பீரமாகப் பட்டது. தார்ச்சாலையில் மட்டுமே ஓடும் தன் லாரி ஒன்றுக்கும் அதே மாதிரி பத்து டயர் வாங்கி, பூஜை போட்டு, தன் கையாலேயே பொட்டு வைத்தார். அதன்பிறகு அந்த லாரிக்கு டீசல் போட்டு மாளவில்லை.

“டீசல் திருடனை இன்னிக்கே பிடிச்சுக் குடு. இல்லைன்னா நீதான் திருடன்” என்றார் அந்த லாரியின் டிரைவர் மாதையனிடம், ஷெட்டில் எல்லாரும் பார்க்க.

“பிடிச்சுரலாங்க” என்றான் மாதையன்.

ஷெட் வாசல் லேசான சரிவு. தான் ஓட்டும் லாரியையும், சாதா டயர் மாட்டிய அதே மாடல் லாரி ஒன்றையும் காலியாக மேட்டில் நிறுத்தினான். இரண்டின் என்ஜினையும் அணைத்து நியூட்ரலில் உருள விட்டான். சாதா டயர் லாரி கேட் வரை உருண்டு போனது. மாதையனின் லாரி பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

“என்ஜினே ஓடலைங்க. இப்பவும் நான்தான் திருடினேனுங்களா?”

“பின்னே யாருடா?”

மாதையன் டயர்களைக் காட்டினான். “ரோட்டைக் கவ்விப் பிடிச்சுட்டு நிக்கறாங்க பாருங்க, பத்துப் பேரு. பொட்டு வச்சுக் கூட்டிட்டு வந்தது நீங்கதானுங்க.”