சாரலுக்கு ஒரு திரை

கண்ணை மூடி உட்கார்ந்திருந்த வைத்திலிங்கம் பாதியில் கண்ணைத் திறந்தார்.

"அம்மா, கித்தான் நல்லதா, மூங்கில் தட்டி நல்லதா?"

கூடத்தில் தியானத்துக்கு வந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். குரு சிவகலை சிரிக்கவில்லை. அவர் வைத்திலிங்கத்தைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் வைத்திலிங்கம் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"எதுக்கு?"

"வீட்டுப் பின்னால திறந்த வராந்தா இருக்கு. சாரல் அடிக்கு. திரை போடணும்."

"எப்ப இருந்து யோசிக்கிய?"

"சித்திரையில இருந்து."

இப்போது ஆடி பிறந்துவிட்டது. தென்காசியில் குடை பிடித்தாலும் இடுப்புக்குக் கீழே நனைகிற நாட்கள்.

வைத்திலிங்கம் அணைக்கட்டுகளில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆற்றையே மறித்துப் பழகிய மனிதருக்கு வராந்தாச் சாரலை மறிக்க வழி தெரியவில்லை. கடை கடையாக ஏறி இறங்கி, வேட்டி அகலத்துக்கு மாதிரித் துண்டுகளாக வாங்கிக் குவித்திருந்தார். தடித்த கித்தான் துணி போட்டால் இருட்டு. மூங்கில் தட்டி என்றால் இடுக்கு வழியே தெறிக்கும். கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் வெயிலில் புழுங்கும். பட்டனைத் தட்டினால் தானாக இறங்கும் மோட்டார் திரையும் இருக்கிறது, ஆனால் மழையன்று கரண்ட் போனால் என்ன செய்வது? படுத்தாலும் எழுந்தாலும் மண்டைக்குள் இதே பட்டிமன்றம். தியானம் என்றால் மட்டும் அது மரியாதையாக வெளியே காத்திருக்குமா என்ன?

"அவ்வளவு அவசரமா?" என்று குரு கேட்டார்.



"என் வீட்டுக்காரிக்காக அம்மா. சௌந்தரத்துக்குப் பக்கவாதம். வலது கை, கால் வராது. பின்னால உக்காந்து மலையப் பாக்கது ஒண்ணுதான் அவளுக்குச் சந்தோசம். போன வருசம் சாரல் சீசன்ல நான் வாசல்ல நின்னு போன் பேசிட்டே இருந்துட்டேன். சாரல் அடிச்சு முழுசா நனைஞ்சுட்டா. கூப்பிடச் சத்தம் வரல அவளுக்கு. நிமோனியா ஆகி, பிழைச்சதே பெரிய விசயம். இந்த சீசன் தொடங்கினதுமே, திரை போடுத வரைக்கும் வராந்தா கிடையாதுன்னு பின்கதவப் பூட்டிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. நாக்கு குழறினாலும் நாலு வார்த்தை பேசுவா. இப்ப அதயும் நிப்பாட்டிட்டா. சோறும் பாதி அப்படியே இருக்கு. பயமா இருக்கு அம்மா."

குரு எழுந்தார். "வாங்க, வீட்டுக்குப் போவோம்."

பின்கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன்மேல் ஒரு செய்தித்தாள் விரிக்கப்பட்டிருந்தது. தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் சுருண்டு கிடந்தது.

"இது என்ன?"

"சோதனை அம்மா. ஒவ்வொரு துண்டா மாட்டிட்டு, வெளிய நின்னு குழாயால தண்ணி அடிப்பேன். பேப்பர் நனைஞ்சா அந்தத் திரை ஃபெயில்."

"எதுவும் பாஸ் ஆகலையா?"

"எப்படியும் ஓரத்துல ஒரு பொட்டு விழுந்துருது."

சௌந்தரம் உட்கார வேண்டிய இடத்தில் செய்தித்தாள் சொகுசாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. குரு அதை எடுத்து மடித்து ஜன்னலில் செருகினார். உள்ளே போனார். சௌந்தரத்தைச் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து வராந்தாவில் நிறுத்தினார். பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, வேண்டாம்! மேகம் இறங்குது பாருங்க!"

"திரையைப் பிடிங்க."

"இப்பவா?"

"வெளிய நின்னுதான சோதனை பண்ணுவிய? பிடிங்க."

மலையிலிருந்து சாரல் சாய்ந்து வந்தது. வைத்திலிங்கம் கித்தானை வாரிக்கொண்டு வெளியே ஓடி, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"வருதா அம்மா?"

"வரல. ஆனா இருட்டு. அடுத்தது."

மூங்கில் தட்டியைப் பிடித்தார்.

"கொஞ்சம் தெறிக்கு. அடுத்தது."

சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மூக்குக்கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பிடித்தார். அதன் வழியே இப்போது உள்ளே இருப்பது தெரிந்தது. சௌந்தரம் மலையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கை மெல்ல உயர்ந்தது. உதடு கோணி ஏதோ சொல்ல முயன்றது.

"என்ன சௌந்தரம்? நனையுதா?"

"நீ... ங்க... நனையுதிய." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உள்ள... வாங்க."

கேட்டு ஒரு மாதமாகிவிட்ட குரல். வைத்திலிங்கம் ஓரடி முன்னால் வந்தார். ஆனாலும் திரையை விடவில்லை.

"நான் விட்டா உன் மேல அடிக்குமே!"

குரு எழுந்து வந்தார். வைத்திலிங்கத்தின் கையிலிருந்து பிளாஸ்டிக்கை வாங்கிக் கீழே போட்டார். சாரல் உள்ளே பாய்ந்தது. வைத்திலிங்கம் பதறி உள்ளே ஓடினார். கொடியில் கிடந்த போர்வையை இழுத்து மனைவியின் தோளிலிருந்து கால்வரை போர்த்தினார். காற்று வரும் பக்கமாக அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, தானே மறைப்பாக உட்கார்ந்துகொண்டார். அவருடைய ஈரச் சட்டையை சௌந்தரம் இடது கையால் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

வைத்திலிங்கம் குனிந்து அவள் விரல்களைப் பார்த்தார். எப்போது இவ்வளவு மெலிந்தன என்று அவருக்குத் தெரியவில்லை. வாய்விட்டு அழுதார்.

கொஞ்ச நேரத்தில் காற்று திசை மாறியது. சாரல் விலகி மலை பாதி தெரிந்தது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறியாளர் மனசு எவ்வளவு நேரம்தான் சும்மா இருக்கும்?

"அப்ப எதை வாங்கட்டும் அம்மா?"

"எதுன்னாலும் சரி. கயிறு மட்டும் உள்பக்கம் இருக்கட்டும்."

"இவளுக்கு ஒரு கையால இழுக்க வராதே. யாரு இழுக்கது?"

குரு வாசல் பக்கம் நடந்தபடியே சொன்னார்.

"பக்கத்துல உக்காந்திருக்கவங்க."