மின்னும் கூரைகள்

வெள்ளியம்பதியில் மாவு மில் நடத்திய அர்த்தநாரிக்கு அறுபது வயதுக்கு மேல். அவர் குருவாக ஏற்றுக்கொண்ட மரகதம்மாளுக்கு நாற்பதுதான் இருக்கும். ஊருக்குப் பின்னால் இருந்த கரடு என்னும் பாறைக் குன்றின் அடிவாரத்தில் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் மரகதம்மாள் இருந்தார்.

ஒரு நாள் அர்த்தநாரி வந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தார்.

"முகம் சரியில்லைங்களே," என்றார் மரகதம்மாள்.

"நேத்து ஊர்ல விழாங்கம்மா. வீட்டுக்கு வீடு சோலார் வந்தாச்சுன்னு மேடை போட்டு, யார் யாருக்கோ மாலை போட்டாங்க. என் பேரை ஒருத்தரும் சொல்லலீங்க."

"சொல்லணுமுங்களா?"

"முதல்ல மில் கூரை மேல சோலார் போட்டதே நான்தானுங்க. அப்ப ஊரே சிரிச்சுது. வெயில்ல மாவரைக்கிறவர்னு பேர் வெச்சாங்க. பையனுக்குப் பொண்ணு கேட்டுப் போன எடத்துலகூட அதைச் சொல்லிச் சிரிச்சாங்க. இன்னைக்கு டிவியைப் போட்டா உலகம் பூரா இதே பேச்சு. பாலைவனத்துல சோலார், கடலுக்குள்ள காத்தாடி. யாரும் நினைச்சதைவிட வேகமாப் பரவுதாம்."

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சந்தோஷப்பட வேண்டிய விஷயந்தானுங்க. எனக்கு நெஞ்சு எரியுது. அது ஏனுங்கம்மா?"

மரகதம்மாள் எழுந்தார். மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு, "மேலே போலாமுங்க," என்றார்.

இருவரும் கரட்டில் ஏறினார்கள். உச்சியில் நல்ல காற்று. தூரத்தில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கீழே உச்சி வெயிலில் ஊர் முழுக்கப் பளபளத்தது.

"உங்க மில் எதுங்க?"

"அது தெரியாதுங்களா? அப்பெல்லாம் இங்கிருந்து பாத்தா அது ஒண்ணுதான் மின்னும். ஆடு மேய்க்கிறவங்க அதைக் காட்டித்தான் ஊரை அடையாளம் சொல்லுவாங்க. அதோ, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல..."

கையை நீட்டியவர் இழுத்துக்கொண்டார்.

"இல்லீங்க, அது டெய்லர் வீடு. அதுக்குப் பின்னால இருக்கறது... அது பள்ளிக்கூடமுங்க."

கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். வேறொரு பாறைக்குப் போய் நின்று பார்த்தார். மரகதம்மாளும் கூடவே தேடினார்.

"அந்த நீளமானதுங்களா?"

"அது கோழிப்பண்ணைங்க."

"அந்த வேப்பமரத்துக்கு அந்தாண்ட?"

"அதேதானுங்க," என்றார் அர்த்தநாரி வேகமாக. பிறகு உற்றுப் பார்த்துவிட்டு, "அட, அது மாட்டுக் கொட்டகைங்க," என்றார்.

சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பாறையில் உட்கார்ந்து, வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மரகதம்மாளும் சிரித்தார்.

"எல்லாம் ஒரே மாதிரி மின்னுதுங்கம்மா," என்றார் துண்டால் கண்ணைத் துடைத்தபடி. "என்னோடது எதுன்னே தெரியலீங்க."

மரகதம்மாள் மோர்ச் சொம்பை அவரிடம் நீட்டினார்.

"அப்ப எதை வேணும்னாலும் உங்களோடதுன்னு வெச்சுக்கலாமுங்க."