கவிழ்த்து வைத்த வாளி

நல்லதம்பி கல்லூரியில் முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவர். ஓய்வு பெற்றதும், மாணவியர் விடுதிச் சமையலுக்காகக் காய்கறிக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன் ஒன்றைக் கட்டினார். கட்டினாரே ஒழிய, நடத்தத் தெரியவில்லை. பால் பண்ணையில் சாண எரிவாயுக் கலனைப் பார்த்துக்கொள்ளும் மயிலாத்தாளிடம் தொழில் கற்கப் போனார். அவளுக்கு அவரைவிட இருபத்தைந்து வயது குறைவு. அதற்கெல்லாம் வெட்கப்படாத நல்ல மனுஷர்.

ஒருநாள் அவளிடம் ஓடிவந்தார்.

"அம்மணி, வாயு புடிக்கிற டிரம் கழுத்து வரைக்கும் ஏறி நிக்குது. அடுப்பு மட்டும் பத்த மாட்டேங்குது. பத்து நாள்ல எரியலைன்னா கலனை இடிச்சுருவோம்னு வார்டன் சொல்லிட்டாங்க."

மயிலாத்தாள் வந்தாள். வழிந்த கரைசலை விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"புளிச்சுப்போச்சுங்க சார். தினம் எத்தனை வாளி கழிவு போட்டீங்க?"

"நீங்க ரெண்டுன்னீங்க. சந்தையில தக்காளி கொட்டிக் கெடந்துச்சு. எட்டு போட்டேன். வாயு ஏறுச்சே!"

அவள் அடுப்பைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினாள். குச்சிதான் அணைந்தது.

"உள்ள ரெண்டு கிருமிக் கூட்டமுங்க. ஒண்ணு தின்னு புளிப்பாக்கும். இன்னொண்ணு அந்தப் புளிப்பைத் தின்னு எரியிற வாயு குடுக்கும். முன்னது ஓடும், பின்னது நடக்கும்."

"இதைத்தானே முப்பது வருஷமா பாடம் எடுத்தேன்" என்று நல்லதம்பி முணுமுணுத்தார்.

அவள் வாயு முழுவதையும் திறந்துவிட்டாள். டிரம் அடியில் போய் உட்கார்ந்தது. மயிலாத்தாள் தன் பண்ணைக் கலனிலிருந்து கொண்டுவந்த ஒரு குடம் சாணக் கரைசலை ஊற்றினாள். பிறகு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.

"அடுத்து?"

"அவ்வளவுதானுங்க."

தினமும் காலையில் வாளி போடும் நேரத்துக்குச் சரியாக வருவாள். வாளிமேல் உட்காருவாள். போய்விடுவாள். நல்லதம்பிக்குத் தூக்கம் கெட்டது. ஏதோ மருந்து வைத்திருக்கிறாள், தனக்குக் காட்டாமல் போடுகிறாள் என்று சந்தேகம். ஆறாம் நாள் முன்கூட்டியே வந்து வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தார். அவள் வந்தாள், உட்கார்ந்தாள்.

"கொசு கடிக்கப் போகுதுங்க சார், இப்படி வாங்க" என்றாள், திரும்பாமலே.

ஒன்பதாம் நாள் குச்சியைக் காட்டினாள். நீலமாய்ப் பற்றிக்கொண்டது. சமையல்காரம்மா ஓடிவந்து உலைப் பானையை ஏற்றினாள். நல்லதம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மறைக்காம சொல்லுங்க அம்மணி. இந்த ஒன்பது நாளும் உள்ள என்னதான் போட்டீங்க?"

மயிலாத்தாள் எழுந்து, வாளியை நிமிர்த்தி அவர் கையில் கொடுத்தாள்.

"பசிங்க சார்."