நீர்நாய் போட்ட சட்டம்

அலையாத்திக் காட்டுக்குள் கயாக் படகில் கூட்டிப்போய்ப் பறவை, மிருகம் காட்டுவது என் பிழைப்பு. ஒருநாள் புது அதிகாரி துரையரங்கன் வந்தார். எந்த ஊருக்கு மாற்றலானாலும் அவர் கூடவே வரும் உதவியாளர் மாசிலாமணியும் வந்தான்.

“இப்பவே நீர்நாய் காட்டணும். இல்லேன்னா நாளைக்கு உன் லைசென்ஸ் இருக்காது.”

நீர்நாயை நான் என்ன கட்டிப்போட்டா வளர்க்கிறேன்?

“காட்டறேன் ஐயா. ஆனா வழியில ஒரு வார்த்தை பேசினாலும் கரைக்குத் திரும்பி, முதல்லேருந்து போகணும்.”

“எனக்கே சட்டமா?”

“நீர்நாய் போட்டது ஐயா.”

மூன்று பேரும் கிளம்பினோம். முதல் வளைவிலேயே அதிகாரி தன் பெருமையை ஆரம்பித்தார். திருப்பினேன். அடுத்த தடவை போனில் யாரையோ திட்டினார். திருப்பினேன். மூன்றாம் தடவை வாயைப் பொத்திக்கொண்டார். தண்ணீர் வற்றி வெளியே தெரிந்த சேற்றுத் திட்டில் இரண்டு நீர்நாய்கள் மீனுக்கு அடித்துக்கொண்டிருந்தன. சின்னப் பிள்ளை மாதிரி பார்த்தார்.

கரையில் மாசிலாமணி என் கையைப் பிடித்துக்கொண்டான். “பெரியவரே, பத்து வருஷத்துல அவர் வாய் மூடி இன்னிக்குத்தான் பார்த்தேன். ரொம்ப நன்றி.”

“அட போய்யா. தண்ணி வத்தினாத்தான் அதுங்க திட்டுக்கு வரும். நாம கிளம்பறப்போ வத்த இன்னும் ஒரு மணி நேரம் இருந்துச்சு. அதைப் பேசியே கழிச்சுக் கொடுத்தாரே, அந்த வாய்க்கு நான்தான் நன்றி சொல்லணும்.”