மாசிலாமணி செருப்பு விட்ட இடம்

"இன்னும் என்ன மேடம் குறை?" என்று கேட்டார் மாசிலாமணி. குரல் கொஞ்சம் எகிறித்தான் இருந்தது.

மனுஷன் பாவம். கணினிக்குள் புயலை உண்டாக்கி, கடல் எதுவரை ஏறும் என்று பார்க்கிற வித்தையை ஐம்பது வயதில் கற்க வந்தவர். குரு ஜெசிந்தாவோ அவரைவிட ரொம்பச் சின்னவர். சீடரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

"காத்தைக் கூட்டிப் பார்த்துட்டேன். பாதையை மாத்திப் பார்த்துட்டேன். எந்தப் புயலுக்கும் அந்த மேட்டுக்குத் தண்ணி வரல. நாளைக்குக் கோரைக்குப்பத்துல அந்த மேட்டுலதான் புயல் காப்பகத்துக்கு அஸ்திவாரம் போடணும். ஊரே அதுலதான் ஒதுங்கப்போகுது. நீங்க சரின்னு சொன்னா போதும்."

"பீச்சுக்குப் போலாமா சார்?"

"இப்பவா?"

"சுண்டல் வாங்கித் தரேன்."

குருவே சுண்டல் என்றால் சீடர் என்ன செய்வார்? முனகிக்கொண்டே போனார்.

மணலில் ஜெசிந்தா நின்றார். "தண்ணி படாத இடமாப் பார்த்துச் செருப்பை விடுங்க."

மாசிலாமணி லேசுப்பட்டவரா! ஈரம் எதுவரை என்று பார்த்தார். நின்று நிதானமாக அலைகளைக் கவனித்தார். அதற்கும் மேலே தள்ளி, மகள் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பைக் கழற்றி வைத்தார்.

சுண்டல் தின்றார்கள். கரையோரமாக வெகுதூரம் நடந்தார்கள். பொழுது சாய்ந்து திரும்பினால், அந்த இடத்தில் நுரைதான் இருந்தது.

"அட கடவுளே! காத்துகூட இல்லையே மேடம்!"

"இல்லதான். நாம வந்தப்போ கடல் வத்தியிருந்துச்சு சார். இப்ப ஏறுற நேரம்."

மாசிலாமணி அப்படியே நின்றுவிட்டார்.

போன பெரிய புயல் கரையேறியதும் கடல் வற்றியிருந்த நேரத்தில்தான். அந்த நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டுதான் அத்தனை புயலையும் அவர் ஓட்டியிருந்தார். காற்றை மாற்றினார், பாதையை மாற்றினார். நேரத்தைத் தொடவே இல்லை.

வெறுங்காலோடு ஆபீசுக்கு ஓடினார். கடல் ஏறியிருக்கும் நேரத்துக்குப் புயலைத் தள்ளி ஓட்டினார்.

திரையில் நீலம் மேட்டில் ஏறியது. கட்டப்போகும் காப்பகத்தின் வாசலைத் தாண்டி உள்ளே போனது.

கோரைக்குப்பம் ஊராட்சித் தலைவருக்குப் போன் போட்டார். "தலைவரே, நாளைக்கு அஸ்திவாரம் வேண்டாம். வேற மேடு பார்த்துத் தரேன். திட்டினாலும் பரவாயில்ல."

போனை வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

வாசலில் ஜெசிந்தா நின்றிருந்தார். "பாவம் சார், மக வாங்கிக் கொடுத்தது."

"செருப்புதானே மேடம் போச்சு!" என்றார் மாசிலாமணி.