உப்பில்லாக் குடும்பம் மறுபடியும் மேடையேறிய கதை

வேங்கைநாட்டு மன்னர் பூதலவீரருக்கு ஒருநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அந்த ஆசை வந்தது.

"கொழுந்தப்பா! 'உப்பில்லாக் குடும்பம்' ஞாபகம் இருக்கிறதா?"

விகடகவி கொழுந்தப்பனுக்கு எப்படி மறக்கும்? நாற்பது வருஷத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமை தோறும் அரண்மனை முற்றத்தில் நடந்த நாடகம் அது. புருஷன் உப்பு வாங்க மறந்துவிட்டு வருவான். பெண்டாட்டி அகப்பையோடு துரத்துவாள். அவன் கூரையில் ஏறிக் குதிப்பான். கீழே பெரிய மோர்த்தொட்டி. வாராவாரம் அதே தொட்டி. வாராவாரம் ஊரே வயிறு வலிக்கச் சிரிக்கும். மேடை விளக்குக்கு எண்ணெய் விட்ட கொழுந்தப்பனும் சிரித்தவன்தான்.

"அதை மறுபடி நடத்த வேண்டும். அதே நடிகர்கள், அதே வசனம், அதே தொட்டி!"

அமைச்சர் கடம்பவனத்தார் தாடியைத் தடவினார். கொழுந்தப்பனை எப்போது கவிழ்க்கலாம் என்று காத்திருந்த மனிதர். "பேஷான யோசனை அரசே! பொறுப்பைக் கொழுந்தப்பனிடமே கொடுப்போம். இம்மி மாறினாலும் மாற்றியவர் தலை போகும் என்று தண்டோராவும் போட்டுவிடுகிறேன்."

"யார் மாற்றினாலுமா?" என்று கேட்டான் கொழுந்தப்பன்.

"யாராக இருந்தால் என்ன? தலை தலைதான்!"

மன்னரும் தலையாட்டினார். தண்டோரா போட்டாயிற்று.

கொழுந்தப்பன் நேரே புருஷன் வேஷக்காரன் தாண்டவராயன் வீட்டுக்குப் போனான். தாண்டவராயன் கட்டிலிலிருந்து இறங்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அங்கே வந்திருந்த, பெண்டாட்டி வேஷம் கட்டிய சிங்காரத்தம்மாளுக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை.

"ஐயா, கூரையிலிருந்து குதித்தால் தொட்டியில் என் எலும்புதான் மிதக்கும்," என்று அழுதான் தாண்டவராயன். "குதிக்காவிட்டால் தலை போகும். எப்படிச் செத்தால் நல்லது, நீங்களே சொல்லுங்கள்."

அந்தக் காலத்தில் அணில் மாதிரி கூரையேறிய மனுஷன். கொழுந்தப்பன் அவனை மெல்லக் கட்டிலில் உட்கார வைத்தான்.

"வேஷத்தை மட்டும் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் உட்காருங்கள். திரை விலகினால்தானே குதிக்க வேண்டும்?"

"என்ன, கறி வாங்கி வந்தானா?" என்றாள் சிங்காரத்தம்மாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. முற்றம் நிரம்பி வழிந்தது. மன்னர் பட்டும் பீதாம்பரமுமாக வந்து சிம்மாசனத்தில் உட்காரப் போனார். கொழுந்தப்பன் குறுக்கே வந்தான்.

"அரசே, நில்லுங்கள்! பார்ப்பவர்களும் அன்று போலவே இருக்க வேண்டும். அது உங்கள் அப்பா இடம். உங்களுக்குப் பாய் அதோ, தொட்டிக்குப் பக்கத்தில்."

"பாயா?"

"பாய்தான். நாற்காலி போட்டால் அது மாற்றம் ஆகிவிடுமே!"

தலை விஷயம். மன்னர் முட்டி 'சடக் சடக்' என்று சொடுக்க, பாயில் உட்கார்ந்தார்.

"பட்டு எதற்கு அரசே? அப்போது உங்களுக்கு எட்டு வயது. வெறும் கோவணம்தான்."

"ஒரு துண்டாவது..."

"மாற்றமா?"

சற்று நேரத்தில் வேங்கைநாட்டு மன்னர் மகுடமும் கோவணமுமாகப் பாயில் இருந்தார். சேனாதிபதி முதல் சமையல்காரன் வரை எல்லோரும் வானத்தில் மேகம் இருக்கிறதா என்று ஆராய ஆரம்பித்தார்கள்.

"மகுடம்?" என்றான் கொழுந்தப்பன். அதுவும் போயிற்று.

"இப்போது உங்கள் அப்பா பெரிய மன்னர் இடத்துக்கு ஆள் வேண்டும். அவருக்கு இடுப்பு வரை தாடி. இந்தச் சபையில் அத்தனை நீளத் தாடி அமைச்சருக்குத்தான் உண்டு."

கடம்பவனத்தார் சிம்மாசனத்தின் நுனியில், அடுப்பின்மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார்.

"திரையை விலக்கு!" என்று பாயிலிருந்து கத்தினார் மன்னர்.

"ஆஹா, அப்போதும் இப்படித்தான் கத்துவீர்கள்! உடனே பெரிய மன்னர் இறங்கி வந்து உங்கள் காதைத் திருகுவார். அதற்குப் பிறகுதான் திரை விலகும். அமைச்சரே, திருகுங்கள்."

மேகம் பார்த்தவர்கள் எல்லோரும் சட்டென்று திரும்பினார்கள்.

"அரசர் காதையா? அது ராஜத்துரோகம்!" என்றார் அமைச்சர்.

"திருகாவிட்டால் மாற்றம். தண்டோரா போட்டது நீங்கள்தானே?"

மன்னருக்கோ நாடக அவசரம். காதை நீட்டிக்கொண்டு, "சட்டுபுட்டென்று திருகும் ஐயா! எவ்வளவு நேரம் நான் இப்படியே இருப்பது?" என்றார்.

அமைச்சர் இறங்கி வந்தார். குனிந்து கையை நீட்டினார், இழுத்தார், மறுபடி நீட்டினார். விரல் காதில் பட்டதுதான் தாமதம், "ஐயோ!" என்று அலறிப் பின்வாங்கினார். தொங்கிய தாடி காலில் சிக்கியது. தொபீர் என்று மோர்த்தொட்டிக்குள் விழுந்தார். எழுந்தபோது தாடியில் கறிவேப்பிலை.

மன்னர் சிரித்தார். பாயில் உருண்டு புரண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். திரைக்குப் பின்னாலிருந்து தாண்டவராயனும் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

சிரிப்பு அடங்கியதும் மன்னர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்பா கை எவ்வளவு சூடாக இருக்கும் தெரியுமா, கொழுந்தப்பா?"

"புரிகிறது அரசே. நாடகக்காரர்களைக் கூப்பிட்டால் வந்துவிடுவார்கள். எட்டு வயதுப் பையனை நான் எங்கே போய்ப் பிடிப்பேன்?"

மன்னர் போர்வையை வாங்கிச் சுற்றிக்கொண்டார். உத்தரவு ரத்தாயிற்று. தாண்டவராயனுக்கும் சிங்காரத்தம்மாளுக்கும் ஆயுசுக்கும் அரண்மனைச் சாப்பாடு. கொழுந்தப்பனுக்குப் பொன்னாடை. அமைச்சருக்குத் துவட்டத் துண்டு.

எல்லோரும் கலைந்ததும் மகாராணி கொழுந்தப்பனைத் தனியே அழைத்தார்.

"நல்ல காரியம் செய்தாய். ஆனால் இவர் தினமும் சாப்பாட்டு வேளையில் அந்த நாடகத்தை முழுக்க நடித்துக் காட்டுகிறாரே, இரண்டு பேர் வசனத்தையும்! கல்யாணமான நாளாகக் கேட்கிறேன். அதை நிறுத்த வழி உண்டா?"

கொழுந்தப்பன் கைகூப்பினான்.

"உண்டு தாயே. அந்தக் காதைத் திருகினால் ராஜத்துரோகம் ஆகாத ஒரே ஆள், இந்த நாட்டில் நீங்கள்தான்."