அம்மி கொத்திய அன்று

ஆவுடையப்பன் பையைக் கட்டிவிட்டார். வயது ஐம்பத்திரண்டு. ஆசிரமத்துக்கு வந்து ஆறு வருஷம், அடுக்களை வேலை. போதும், இரண்டு மணி பஸ்ஸில் ஊருக்குப் போய்விடலாம் என்று முடிவு. குருவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

குரு தில்லைநாயகி அம்மா அவரைவிடப் பத்து வயது சின்னவர். அடுக்களை வாசலில் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து அம்மியைக் கொத்திக்கொண்டிருந்தார்.

“கிளம்பியாச்சா, அண்ணாச்சி?”

“ஆமாம்மா. முன்னெல்லாம் பூஜையில பாடினா கண்ணுல தண்ணி வரும். இப்போ கொட்டாவி வருது.”

“என்னைக்கு நின்னுச்சு?”

“நாள் தெரிஞ்சா அதுக்குப் பேரு தேயுறதா? உடைஞ்சிருந்தா சத்தமாவது கேட்டிருக்கும். இது சத்தமே இல்லாம தேஞ்சு போச்சு.”

அம்மா கொத்தி முடித்தார். கல்லில் தண்ணீரை ஊற்றிக் கழுவினார்.

“இதுவும் அப்படித்தான். ஒரு மாசமா தேங்கா வழுக்கிட்டே கிடந்துச்சு. சரி, வெறும் வயித்தோட போகாதீங்க. ஒரு துவையல் அரைங்க, சாப்பிடலாம்.”

அரைத்தார். கல் நன்றாகப் பிடித்தது. அவருக்கே ஆச்சரியம். ஒரு விரல் வழித்து வாயில் வைத்தார். நறநறவென்றது. துப்பினார்.

“ஒரே மண்ணு.”

“கல்லுப்பொடி. கொத்தின அம்மியில முதல்ல தவிட்டை அரைச்சுக் கொட்டணும்னு உங்களுக்கா சொல்லணும்?”

“பஸ் அவசரத்துல மறந்துட்டேன்.”

“நல்ல தேங்கா போச்சு.”

அவருக்கு எரிச்சலாக வந்தது. “அம்மியை நீங்க கொத்திட்டீங்க. என்னை யாரு கொத்துவா?”

“மூணு நாளா உங்களுக்குச் சோறு இறங்கலையாமே. பையைக் கட்டுறதும் அவுக்குறதுமா இருந்தீங்களாமே. அது கொத்து இல்லாம வேற என்னன்னு நினைச்சீங்க?”

ஆவுடையப்பன் அம்மியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தின இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

“அப்போ இன்னைக்குப் பாடினா தண்ணி வந்துருமா?”

“வராது. நறநறன்னுதான் இருக்கும்.”

“நாளைக்கு?”

அம்மா தவிட்டு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

“எத்தனை தடவைம்மா அரைச்சுக் கொட்டணும்? அதையாவது சொல்லுங்க.”

“அதை நாக்குதான் சொல்லும், அண்ணாச்சி. முதல்ல குழவியைப் பிடிங்க.”